ஹஃபீத் மலையும் ஒரு சாவியும்

கீழக்கரைக் கடைத்தெருவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கடிகாரம் பழுதுபார்த்தவன் நான். அத்தொழில் எனக்குக் கற்றுத் தந்த பாடங்களுள் முதன்மையானது ஒன்று உண்டு. "இதில் தண்ணீர் படவே இல்லை" என்று உறுதி கூறி ஒருவர் கடிகாரத்தை நீட்டினால், முதலில் பின்மூடியைக் கழற்றி உள்ளே துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்தில் எட்டுக் கடிகாரங்களில் இருக்கும். மனிதர்கள் தீய எண்ணத்தால் மறைப்பதில்லை. பழுது தம்முடைய கவனக்குறைவால் வந்தது என்று ஒப்புக்கொள்ள நாணுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறு மறைப்பினால் பழுதுபார்ப்பவன் தவறான இடத்தில் தேடுகிறான்; காலமும் பொருளும் வீணாகின்றன.

இந்தப் பழைய பாடத்தை அரபு நாட்டின் மலையுச்சி ஒன்றில், இருட்டும் நேரத்தில், திறக்க மறுத்த சொகுசுக் கார் ஒன்றின் அருகே நின்றுகொண்டு மீண்டும் ஒருமுறை படிக்க நேர்ந்தது. அந்த ஒருநாள் பயணத்தின் கதையே இது.

அல்-ஐனை நோக்கி

கை நடுக்கம் வந்தபின் கடையை மூடிவிட்டேன். சென்ற குளிர்காலத்தில் மகள் அழைத்ததன் பேரில் துபாய் சென்று மூன்று மாதங்கள் தங்கியிருந்தேன். என் தமக்கையின் மகன் அங்கே ஓர் அரபுக் குடும்பத்தின் வீட்டு ஓட்டுநராகப் பணிபுரிகிறான். ஒன்பது ஆண்டுகளாக ஒரே வீடு. அவனுடைய அர்பாப், அதாவது முதலாளி, நல்ல மனிதர். ஆனால் சொற்சுருக்கம் மிக்கவர். அவருடைய முகத்தைப் பார்த்து மனத்தை அறிவது கடினம் என்பான் மருமகன்.

முதலாளியின் முதிய தாயார் மாதம் ஒருமுறை அல்-ஐன் நகரிலுள்ள தம் தங்கையின் இல்லத்திற்குச் செல்வது வழக்கம். காலையில் கொண்டுபோய் விட்டு, இரவில் திரும்ப அழைத்துவர வேண்டும். ஊரிலிருந்து மாமா வந்திருப்பதை அறிந்த அம்மூதாட்டியார், "அவரும் வரட்டும், எங்கள் ஊரைப் பார்க்கட்டும்" என்று தாமாகவே சொன்னாராம். முதலாளியும் தலையசைத்தார்.

அதிகாலைத் தொழுகை முடிந்து சிறிது நேரத்தில் புறப்பட்டோம். வண்டியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இருக்கை தானே வெதுவெதுப்பாகும். கதவு ஓசையின்றி மூடும். சாவியை எங்கும் நுழைக்க வேண்டியதில்லை. ஓட்டுநரின் சட்டைப் பையில் அது இருந்தாலே போதும். பொத்தானை அழுத்தியதும் இயந்திரம் உயிர்பெறும். அத்தகைய வண்டி அது. ஆனால் அன்று காலையில் ஒன்றைக் கவனித்தேன். கதவைத் திறக்க மருமகன் சாவியை மூன்று முறை அழுத்தினான். மூன்றாம் முறைதான் திறந்தது. அவன் முகம் சற்றே வாடியது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

துபாயிலிருந்து அல்-ஐன் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நகரின் கண்ணாடிக் கோபுரங்கள் பின்னால் மறைந்ததும் மணல்மேடுகள் தொடங்குகின்றன. தொடக்கத்தில் வெளிர் நிறமாக இருக்கும் மணல், அல்-ஐனை நெருங்க நெருங்கச் செம்மை ஏறி, செங்கற்பொடி போலாகிவிடுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் அந்தச் செம்மணலுக்கு நடுவே பச்சை தெரிந்தது. அரபு மொழியில் 'ஐன்' என்றால் நீரூற்று. பெயருக்கு ஏற்ற ஊர்.

நேரத்தை அளந்து நீரைப் பகிர்ந்த ஊர்

மூதாட்டியாரை இறக்கிவிட்டு, நாங்கள் முதலில் சென்றது பேரீச்சஞ் சோலைக்கு. நகரின் நடுவே, மண்சுவர்களுக்கு இடையில் செல்லும் ஒடுங்கிய பாதைகள். இருபுறமும் பேரீச்ச மரங்கள். இந்த ஒரு சோலையில் மட்டும் 1,47,000க்கும் மேற்பட்ட மரங்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வெளியே வெயில் சுட்டாலும் உள்ளே நிழலும் ஈரமும் கலந்த குளிர்ச்சி. நம்மூர்த் தென்னந்தோப்பின் மணம் வேறு. இதன் மணம் வேறு. ஆனால் நீர் ஓடும் ஓசை இரண்டிற்கும் ஒன்றே.

அந்த நீரைக் கொண்டுவரும் கால்வாய்க்கு 'ஃபலஜ்' என்று பெயர். மலையடிவாரத்தில் நிலத்தடி நீரைக் கண்டு, அங்கிருந்து மிக மெல்லிய சரிவில் பூமிக்கு அடியிலேயே சுரங்கம் வெட்டி, விசையேதும் இன்றித் தோட்டம்வரை நீரை இட்டுவரும் அமைப்பு அது. இப்பகுதியிலுள்ள ஹீலி என்னுமிடத்தில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஃபலஜ் ஒன்றை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். ஹஃபீத், ஹீலி, பிதா பின்த் சுஊத் ஆகிய தொல்லிடங்களும் சோலைகளும் சேர்ந்து 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. ஃபலஜ் நீர்ப்பாசன மரபும் 2020இல் யுனெஸ்கோவின் பட்டியலில் தனி இடம் பெற்றது.

கடிகாரக்காரனாகிய என்னைக் கவர்ந்தது வேறொன்று. ஃபலஜ் நீரை அவர்கள் அளவால் பகிரவில்லை, நேரத்தால் பகிர்ந்தார்கள். பகலில் நிழலின் நீளத்தைக் கொண்டும், இரவில் விண்மீன்களின் எழுச்சியைக் கொண்டும் இன்னார் தோட்டத்திற்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்தார்கள். அதைக் கண்காணிப்பவருக்கு 'அரீஃப்' என்று பெயர். ஊராரின் நம்பிக்கைக்கு உரியவரே அப்பொறுப்பை ஏற்க முடியும். ஒருவர் மடையை அரை நாழிகை முன்னதாகத் திறந்தால், அடுத்தவரின் மரம் வாடிவிடும் அல்லவா?

பின்னாளில் அமீரகத்தின் முதல் குடியரசுத் தலைவரான ஷேக் ஸாயித் அவர்கள், 1946 முதல் 1966 வரை இருபதாண்டுகள் இவ்வூரில் ஆட்சிப் பிரதிநிதியாக இருந்தார்கள். எண்ணெய்ச் செல்வம் பெருகாத அக்காலத்தில் பழைய ஃபலஜ்களைச் செப்பனிடச் செய்ததையும், நீர்ப் பங்கீட்டைச் சீர்செய்ததையும் இங்குள்ளோர் இன்றும் நன்றியுடன் கூறுகின்றனர். 1890களில் எழுந்த ஜாஹிலிக் கோட்டையின் மண்நிறச் சுவர்களையும் கண்டுவிட்டு, லுஹர் தொழுது, பகலுணவு உண்டோம். பிறகு மலையை நோக்கி வண்டி திரும்பியது.

ஐயாயிரம் ஆண்டுக் கல்லறைகள்

ஜபல் ஹஃபீத், தட்டையான பாலை நடுவே தனியாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை மலை. உயரம் ஏறத்தாழ 1,240 மீட்டர். அபூதபி அமீரகத்தில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. மலையின் மறுபக்கம் ஓமான் நாட்டிற்குள் இறங்குகிறது. இதன் பாறைகளில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் பதிந்துள்ளன; ஒரு காலத்தில் இது கடலடித் தரையாக இருந்தது என்பதற்கு அவையே சான்று.

அடிவாரத்தின் கீழ்த்திசையில் தேன்கூட்டைப் போன்ற சிறு கல்லறைகள் பல உள்ளன. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் இவற்றை அகழ்ந்தபோது, மெசபொத்தேமியா, அதாவது இன்றைய இராக் பகுதியின் மட்கலங்கள் கிடைத்தன. அத்துணைத் தொலைவிலிருந்து எந்த வணிகர், எதற்கு மாற்றாகக் கொண்டுவந்தாரோ! பிழைப்புக்காகப் பாலையைக் கடப்பது நம் பிள்ளைகள் தொடங்கிவைத்த வழக்கமன்று என்று எண்ணிக்கொண்டேன்.

மலைமேல் செல்லும் சாலையின் நீளம் 12 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. அதற்குள் அறுபது வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பாலை ஒரு படி கீழே இறங்கியது. மருமகன் அழகாக ஓட்டினான். உச்சியில் விரிந்த வாகனத் திடலில் வண்டியை நிறுத்திவிட்டு, தடுப்புச் சுவரோரம் நடந்தோம். மேற்கே சூரியன் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே அல்-ஐனின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்பட்டன. பார்த்த கண் பார்த்தபடி நின்றோம். அங்கேயே ஒரு மூலையில் மஃரிபும் தொழுதோம். குளிர்காற்று வீசத் தொடங்கியது. என் சால்வையும், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளும் வண்டிக்குள் இருந்தன. அவனுடைய கைப்பேசியும் உள்ளேதான் இருந்தது.

திரும்பி வந்து அவன் சாவியை அழுத்தினான். வண்டி அசையவில்லை.

மலையுச்சியில் விசாரணை

ஐந்து முறை, பத்து முறை அழுத்தினான். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தான். கதவு திறக்கவில்லை. எட்டு மணிக்கு மூதாட்டியாரை அழைத்துச் செல்ல வேண்டும். மறுநாள் காலையில் அவருக்குத் துபாய் மருத்துவமனையில் பரிசோதனை. அவன் நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை.

"இங்கே அலைக்கோபுரம் ஏதாவது இருக்கும், மாமா. அதுதான் தடுக்கிறது போலும்" என்றான்.

அவன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. இச்சாவிகள் வானொலி அலைகளால் பேசுபவை. பல நாடுகளில் 433 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் 315 மெகாஹெர்ட்ஸ் என்னும் அளவை ஒட்டி அவை இயங்குகின்றன. வலிமை மிக்க அலை வேறொன்று அருகில் இருந்தால் சாவியின் மெல்லிய குரல் அதில் மூழ்கிவிடும். ஆனால் ஓர் ஐயத்தை ஏற்பதற்குமுன் சோதிக்க வேண்டும்.

"சாவியை அழுத்தும்போது அதிலுள்ள சிறு விளக்கு எரிகிறதா?" என்று கேட்டேன்.

பார்த்தான். எரியவில்லை.

"அப்படியானால் கோபுரத்தின் மேல் பழி போடாதே. விளக்கு எரிந்து, கதவு திறக்காவிட்டால் அலைமேல் ஐயப்படலாம். வண்டியின் மேலும் ஐயப்படலாம். விளக்கே எரியவில்லை என்றால் சாவிக்குள் மின்சாரம் ஓடவில்லை. எப்போதிருந்து இப்படி?"

"மூன்று வாரமாக, மாமா. மின்கலம் புதிதுதான். நானே மாற்றினேன்."

"தண்ணீர் ஏதும் பட்டதா?"

"இல்லை" என்றான்.

சொன்ன விதத்தை நான் அறிவேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் கேட்ட குரல் அது. நான் பேசாமல் அவன் முகத்தையே பார்த்தேன். சற்று நேரத்தில் அவன் தலை தாழ்ந்தது.

வண்டி கழுவும்போது சட்டைப் பையிலிருந்து சாவி வாளிக்குள் விழுந்திருக்கிறது. உடனே எடுத்துத் துடைத்து, மூடியைத் திறந்து, முன்கண்ணாடியின் கீழே வெயிலில் வைத்து உலர்த்தியிருக்கிறான். மளிகைக் கடையில் புதிய மின்கலம் வாங்கிப் போட்டிருக்கிறான். சில நாள் வேலை செய்தது. பின்னர் விட்டுவிட்டுச் செய்தது. முதலாளி வண்டியைப் பணிமனைக்கு அனுப்பியபோது, அங்கே இருந்தவர்கள் கேட்ட கேள்விகள் இரண்டே. மின்கலம் மாற்றியாயிற்றா? சாவி நனைந்ததா? முன்னதற்கு ஆம் என்றும், பின்னதற்கு இல்லை என்றும் சொல்லியிருக்கிறான். அதை நம்பி அவர்கள் சாவியைத் திறந்து பார்க்கவில்லை. வண்டியின் உறுப்புகளையே ஆராய்ந்துவிட்டு, புதிய சாவி வரவழைக்க வேண்டும், ஏறத்தாழ இரண்டாயிரம் திர்ஹம் ஆகும் என்று கூறிவிட்டார்கள்.

"யார் கொடுப்பது என்று அர்பாப் ஒன்றும் சொல்லவில்லை, மாமா. அடுத்த மாதம் தங்கச்சிக்கு நிக்காஹ். சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் உம்மாவிடம் என்ன சொல்வேன்? உண்மையைச் சொன்னால் வேலையே போய்விடுமோ என்றும் பயம்."

அவன் கண்கள் கலங்கின. அது கடிந்துகொள்ளும் நேரமன்று. "முதலில் வண்டியைத் திறப்போம்" என்றேன்.

சாவிக்குள் ஒரு சாவி

"இந்த வண்டிக்குச் சாவித் துவாரமே இல்லையே, மாமா!" என்றான். ஒன்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டுபவன்!

சாவியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சிறு தாழ்ப்பாள் தட்டுப்பட்டது. அதைத் தள்ளி இழுத்ததும் உள்ளிருந்து மெல்லிய இரும்புச் சாவி ஒன்று வெளிவந்தது. அவன் வியந்து நின்றான். பிறகு ஓட்டுநர் கதவின் கைப்பிடியை என் கைப்பேசியின் ஒளியில் ஆராய்ந்தோம். கைப்பிடியின் முனையில் ஒரு மூடி. அதன் கீழே ஒரு சிறு பிளவு. இரும்புச் சாவியின் நுனியால் நெம்பியதும் மூடி கழன்றது. மறைந்திருந்த துவாரம் தெரிந்தது.

கதவு திறந்தது. மறுகணமே அபாயச் சங்கு அலறத் தொடங்கியது! திடலிலிருந்த அனைவரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். திருடர்களைப் போல நின்றோம். அலைவழியே திறக்காமல் இரும்புச் சாவியால் திறந்தால் இவ்வாறு அலறுவது பல வண்டிகளின் இயல்பு. சாவியின் அடையாளத்தை வண்டி உணர்ந்ததும் தானே அடங்கிவிடும்.

ஆனால் மின்சாரமே இல்லாத சாவியை வண்டி எவ்வாறு உணரும்? இங்கேதான் இத்தொழில் நுணுக்கத்தின் அழகு இருக்கிறது. இச்சாவிக்குள் வேலையாட்கள் இருவர் உள்ளனர். ஒருவர், மின்கலத்தின் வலிமையால் தொலைவிலிருந்து பேசுபவர். கதவைத் திறப்பதும் மூடுவதும் அவர் பணி. மற்றவர், அரிசி மணி அளவேயான ஒரு சில்லு. அதற்கு மின்கலம் தேவையே இல்லை. வண்டிக்குள் குறிப்பிட்ட ஓரிடத்தில் மறைந்துள்ள கம்பிச் சுருளின் அருகே அதைக் கொண்டுசென்றால், அந்தச் சுருளின் காந்தப் புலத்திலிருந்தே சிறிது ஆற்றலைப் பெற்று, 'நான்தான்' என்று தன் அடையாளத்தைச் சொல்லிவிடும். திருட்டைத் தடுக்கும் இந்த ஏற்பாடு ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களில் கட்டாயமாயிற்று.

வண்டியின் கையேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். ஒன்பதாண்டுகளில் யாரும் அதைப் புரட்டியதாகத் தெரியவில்லை. 'சாவியின் மின்கலம் தீர்ந்துவிட்டால்' என்னும் பக்கத்தில் படத்துடன் குறித்திருந்தார்கள். சில வண்டிகளில் அவ்விடம் ஸ்டீயரிங் தண்டின் பக்கவாட்டில் இருக்கும்; சிலவற்றில் கோப்பை வைக்கும் குழியில்; சிலவற்றில் தொடக்கப் பொத்தானிலேயே. எங்கள் வண்டியில் ஸ்டீயரிங் தண்டின் வலப்புறம். சாவியை அங்கே ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து, பொத்தானை அழுத்தினான். சங்கு நின்றது, இயந்திரம் முழங்கியது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இருவர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது.

"பார்த்தாயா? சில்லு நலமாக இருக்கிறது. வண்டியும் நலமாக இருக்கிறது. சாவி சாகவில்லை, பட்டினியாகக் கிடக்கிறது. அவ்வளவுதான்" என்றேன்.

பூட்டும் திறப்பும் பற்றிய இந்தச் சிந்தனை இன்று நேற்று தோன்றியதன்று. யானைக் கடிகாரம் முதலிய விந்தைப் பொறிகளைப் படைத்த பொறியியல் மேதை அல்-ஜஸரீ அவர்கள், 1206ஆம் ஆண்டில் முடித்த தம் நூலில், நான்கு வட்டுகளைச் சரியான எழுத்துகளில் நிறுத்தினால் மட்டுமே திறக்கும் பூட்டு ஒன்றை விவரித்துள்ளார்கள். உரியவனுக்கு மட்டும் திறக்க வேண்டும் என்னும் கேள்வி ஒன்றே. விடைகள்தாம் காலத்திற்கேற்ப மாறுகின்றன.

அரை நகக் கனம்

மலையிறங்கி, அல்-ஐன் கடைத்தெருவில் கேரளச் சகோதரர் ஒருவரின் கடிகாரக் கடையைக் கண்டுபிடித்தோம். அந்த மேசையையும், ஒற்றைக்கண் உருப்பெருக்கியையும், எண்ணெய்க் கிண்ணத்தையும் கண்டதும் என் சொந்தக் கடைக்குத் திரும்பியதைப் போலிருந்தது. அவர் சாவியைத் திறந்தார். நான் உருப்பெருக்கியை வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தேன்.

மின்கலத்தின் மேல் 2025 என்று பொறித்திருந்தது. மூடியின் உட்புறத்தில் 2032 என்று இருந்தது.

என் தொழிலறிந்தோர்க்கு இவ்வளவே போதும். அவ்வெண் விலையோ வலிமையோ அன்று, அளவு. முதல் இரண்டு இலக்கங்கள் விட்டத்தைக் குறிக்கும்: 20 மில்லிமீட்டர். கடைசி இரண்டும் கனத்தைக் குறிக்கும்: 32 என்றால் 3.2 மில்லிமீட்டர், 25 என்றால் 2.5 மில்லிமீட்டர். இரண்டும் 3 வோல்ட்தான். இரண்டும் அதே குழியில் அழகாக உட்காரும். ஆனால் 0.7 மில்லிமீட்டர் குறைவதால், மேலேயுள்ள தகடு மின்கலத்தை உறுதியாகத் தொடாது. அசைந்தால் தொடும், அசைந்தால் விடும். அறுபது வளைவுகளில் குலுங்கியபின் முழுவதுமாக விட்டுவிட்டது. போதாக்குறைக்கு, வாளித் தண்ணீரின் நினைவாகத் தகட்டின் நுனியில் பச்சைநிறக் களிம்பு படர்ந்திருந்தது.

நண்பர் சாராவியில் நனைத்த பஞ்சால் களிம்பைத் துடைத்தார். அழிப்பானால் மெல்லத் தேய்த்தார். தாழ்ந்திருந்த தகட்டை இடுக்கியால் ஒரு மயிரிழை உயர்த்தினார். சரியான மின்கலத்தைப் பொருத்தினார். மருமகன் வெளியே சென்று அழுத்தினான். தெருமுனையில் நின்ற வண்டி விளக்குகளைச் சிமிட்டி விடை சொன்னது. கூலியும் மின்கலமும் சேர்த்துப் பதினைந்து திர்ஹம். நானும் கடிகாரக்காரன் என்றறிந்த அவர் கூலியை வாங்க மறுத்து, தேநீர் வருவித்தார்.

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மூதாட்டியார் வீட்டு வாசலில் இருந்தோம்.

சொல்லாமல் இருந்திருக்கலாம்

திரும்பும் வழியில் மூதாட்டியார் உறங்கிவிட்டார். மருமகன் தாழ்ந்த குரலில் கேட்டான்: "சாவி சரியாகிவிட்டது. இனி அர்பாபிடம் ஏதும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா, மாமா?"

உண்மைதான். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் புதிய சாவிக்கு ஆணை போயிருக்கிறது. அதன் பணத்தை யாரோ ஒருவர் கொடுத்தே ஆக வேண்டும். "ஃபலஜ் பார்த்தோமே, நினைவிருக்கிறதா?" என்று மட்டும் சொன்னேன். அவன் அதற்குப் பிறகு பேசவில்லை.

மறுநாள் காலையில் அவனே போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வாளி, வெயில், மளிகைக் கடை மின்கலம், பணிமனையில் சொன்ன பொய் யாவும். அவர் நெடுநேரம் பேசவில்லையாம். பின்பு, "முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும்" என்றாராம். பணிமனைக்குத் தொலைபேசி செய்து ஆணையை நிறுத்தினார். இரண்டு நாட்கள் அவனிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், தம் பெட்டியில் இருந்த இரண்டாம் சாவியையும் அவனிடம் கொடுத்து, "இதன் மின்கலத்தையும் பார்த்து வை" என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டாம் சாவி கைக்கு வந்ததும் அவன் எனக்குத் தொலைபேசியில் அழைத்து, சற்று நேரம் பேச முடியாமல் நின்றான்.

வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

இத்தகைய சாவிகள் இன்று நம்மூர்க் கார்களிலும் பரவலாக வந்துவிட்டன. ஆகவே, பயணத்தில் கற்றதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

சாவி வேலை செய்யாவிட்டால், முதலில் வீட்டிலுள்ள இரண்டாம் சாவியால் முயன்று பாருங்கள். அது திறந்தால் வண்டியில் குறையில்லை. இரண்டும் திறக்காவிட்டால் வண்டியின் பக்கம் பார்க்க வேண்டும்; அதன் பெரிய மின்கலம் வலுவிழந்திருந்தாலும் இப்படி ஆகும்.

சாவிக்கு விளக்கு இருந்தால், அது எரிகிறதா, மங்கலாக எரிகிறதா என்று கவனியுங்கள். மின்கலம் மாற்றும்போது பழையதன் எண்ணையல்ல, மூடியிலோ கையேட்டிலோ உள்ள எண்ணைப் பாருங்கள். மேற்புறம் எது, கீழ்ப்புறம் எது என்பதையும் நினைவில் வையுங்கள். விரல் படாமல் துணியால் பிடித்துப் போடுவது நல்லது. குழந்தைகள் வாயில் வைத்தால் துப்பிவிடும்படி சில மின்கலங்களில் கசப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். சில சாவிகளில் அப்பூச்சே தகட்டுக்கு இடையூறாகி, புதிய மின்கலமும் வேலை செய்யாததுபோல் தோன்றும்.

நனைந்த சாவியை அழுத்திப் பார்க்காதீர்கள். உடனே மின்கலத்தைக் கழற்றிவிட்டு நிழலில் உலர்த்துங்கள். கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைக்க வேண்டா. அந்த வெப்பம் மின்கலத்திற்கும் நுண்ணுறுப்புகளுக்கும் தீங்கு. இரும்புச் சாவி எங்கே ஒளிந்திருக்கிறது, கதவின் துவாரம் எங்கே, சாவியை ஒட்டிப் பிடிக்கும் இடம் எது என்னும் மூன்றையும் பகல் வெளிச்சத்தில், வீட்டு வாசலிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். மலையுச்சி அதற்கு ஏற்ற இடமன்று!

தாய்மார்களுக்கு ஒரு சொல். கழற்றிய மின்கலத்தை மேசைமேல் போட்டுவிடாதீர்கள். இருபது மில்லிமீட்டர் வில்லையைக் குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன மின்கலத்திலும் அதற்குப் போதிய மின்சாரம் எஞ்சியிருக்கும். விழுங்கியதாக ஐயம் தோன்றினாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். பழைய மின்கலத்தின் இருபுறமும் ஒட்டுநாடா சுற்றி, எட்டாத இடத்தில் வைத்து அப்புறப்படுத்துங்கள்.

இறுதியாக ஒன்று. பழுதுபார்ப்பவரிடம், அவர் மருத்துவராயினும் சரி, இயந்திரக்காரராயினும் சரி, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அரை நகக் கனம் குறைந்தால் மின்சாரம் பாயாது. உண்மையும் அப்படித்தான்.

ஊருக்குத் திரும்பியபின் தமக்கை மகளின் நிக்காஹ் நல்லபடியாக நடந்தேறியது. மருமகன் பத்து நாள் விடுமுறையில் வந்திருந்தான். முதலாளியின் தாயார் மணப்பெண்ணுக்கென்று கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழப் பெட்டியை உம்மாவின் கையில் வைத்தான். அல்-ஐன் சோலையில் பழுத்தவை. தன் முறை வரும்வரை காத்திருந்து நீர் குடித்த மரங்களின் கனிகள். அவற்றின் இனிப்பு நாவில் நெடுநேரம் நின்றது.